பூட்டு மேடத்தின் பத்தொன்பதாம் எண்

அத்தியாயம் 6

கதவைத் திறந்த பேராசிரியை வணக்கம் சொல்லவில்லை. கையை நீட்டினார். சல்லடை தன் செல்போனைக் கொடுத்தாள். வாலும் கொடுத்தான். இரண்டையும் ஒரு தகர பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி, அலமாரிக்கு மேலே வைத்தார்.

“உள்ள பிஸ்கட் இருக்கா மேடம்?” என்றான் வால்.

“இல்ல.”

“பாவம். ரெண்டும் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல.”

பேராசிரியை சிரிக்கவில்லை. சிரிப்பு என்ற வசதி அந்த முகத்திலிருந்து பத்து நாளைக்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது.

சல்லடைக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, ஓடாத காருக்கு நடந்த விபத்து, இல்லாத கடைக்குப் பிடித்த தீ என்று சலித்துச் சலித்துப் பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. வேலையை விட்டபோது பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து துப்பறியும் அலுவலகம் திறந்தாள். வால் அதற்கு முன்பு ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன். நாற்பது வயது, முன்மண்டையில் வழுக்கை. அவள் எங்கே போனாலும் இரண்டடி பின்னால் வருவதால் வால். வாயும் அதே பெயருக்குத் தகுதியானதுதான்.

“மணி பத்தேகால்,” என்றாள் சல்லடை. “கமிட்டி எத்தனை மணிக்கு?”

“மூணு.”

“மூணு மணிக்கு என்ன ஆகும்?”

“பட்டியல் என்கிட்டேருந்துதான் வெளிய போச்சுன்னு முடிவு பண்ணுவாங்க. ஆய்வகத்தை மூடுவாங்க. என்கிட்ட நாலு ஆராய்ச்சி மாணவர்கள் இருக்காங்க, அவங்களை வேற துறைக்கு அனுப்புவாங்க. என்னை வீட்டுக்கு.” அடுத்த வீட்டில் நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னார்.

பதினைந்து வருஷத்துக்கு முன்பு, செல்போனில் இருக்கும் சின்னச் சின்ன ஆப்கள் நம் முதுகுக்குப் பின்னால் என்ன செய்கின்றன என்று ஆராயப் போகிறேன் என்று இவர் சொன்னபோது, அன்றைய துறைத் தலைவர், “போன்ல பேசறதைத் தவிர என்னம்மா இருக்கு?” என்று கேட்டார். டார்ச் லைட் ஆப் ஒன்று போனில் இருக்கும் அத்தனை முகவரிகளையும் அள்ளிக்கொண்டு போகிறது என்று இவர் பிறகு நிரூபித்தார். அதே துறைத் தலைவர் கருத்தரங்கு மேடையில் ஏறி, “நாங்கள் அன்றே எச்சரித்தோம்” என்று முழங்கினார். ‘நாங்கள்’ என்பதில் இவர் இருக்கிறாரா என்பதை அவர் தெளிவுபடுத்தவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தேழு ஆய்வுக் கட்டுரைகள், இரண்டு விருதுகள், ஒரு முதுகுவலி. லேப்டாப் கேமரா மீது பிளாஸ்திரி, ஜன்னல் கண்ணாடி மீது செய்தித்தாள், மேஜை இழுப்பறைக்குக்கூட நம்பர் பூட்டு. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு மேடம். அவருக்கும் அது தெரியும். ஆட்சேபம் இல்லை.

“கேஸை மறுபடி ஒரு தடவை சொல்லுங்க,” என்றாள் சல்லடை. “வாலுக்குப் புரியற மாதிரி.”

“எனக்குப் புரிஞ்சா யாருக்கும் புரியும்னு அர்த்தம் மேடம்,” என்றான் வால். “அவங்க என்னை அப்படித்தான் உபயோகிப்பாங்க.”

பேராசிரியை மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நாற்பத்து மூணு பேர் சம்மதம் குடுத்து ஆய்வுக்கு வந்தாங்க. மூணு வாரம் அவங்க போன்ல எங்க கருவி ஒண்ணு இருந்துச்சு. எந்த ஆப்பை எப்ப, ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கறாங்க, அது யார் யாருக்குத் தகவல் அனுப்புதுன்னு எழுதிக்கும். கட்டுரையில அட்டவணையா போட்டோம். பேர் கிடையாது. ஒண்ணுலேருந்து நாற்பத்து மூணு வரைக்கும் எண் மட்டும்தான்.”

“எந்த எண் யாருங்கற பட்டியல்?”

“ஒண்ணே ஒண்ணு. காகிதத்துல. அந்த அலமாரியில. சாவி என்கிட்ட.”

“பத்தொன்பதாம் எண்?”

“ஒரு பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சர். காது கேக்கற சக்தி குறைஞ்சுட்டே வந்திருக்கு. முடிக்கு உள்ள மறையற மாதிரி ஒரு சின்னக் கருவி வெச்சுட்டு, போன்ல ஒரு ஆப்பால அதோட சத்தத்தைக் கூட்டிக் குறைச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு நாற்பது தடவை. யாருக்கும் தெரியாது. மூணு வருஷமா. யாரோ அட்டவணையில பத்தொன்பதை வட்டம் போட்டு, பக்கத்துல அவங்க பேரை எழுதி, பள்ளிக்கூட மேனேஜர்கிட்ட சேர்த்துட்டாங்க. மறுநாளே வேலை போச்சு. அவங்க எங்க கமிட்டிக்குப் புகார் எழுதினாங்க. அதுல பேரைப் பாத்துதான் எனக்கே அவங்க யாருன்னு தெரியும்.”

“மேனேஜருக்கு யார் குடுத்தாங்களாம்?”

“சொல்ல மாட்டேங்கறார். தகவல் குடுத்தவரோட தனியுரிமையைக் காப்பாத்தணுமாம்.”

வால் மரியாதையோடு தலையைக் குனிந்தான். “இந்தக் கேஸ்ல ஒரே ஒருத்தர் ரகசியத்தையாவது ஒழுங்கா காப்பாத்தறாங்களே.”

கமிட்டி அனுப்பிய நோட்டீசும் மேஜையில் கிடந்தது. ‘மிக ரகசியம்’ என்று தலைப்புப் போட்டு, துறையில் உள்ள அறுபத்திரண்டு பேரும் இருக்கிற போன் குழுவில் அனுப்பியிருந்தார்களாம். பேராசிரியை அச்செடுத்து வைத்திருந்தார். அதற்குக் கீழே, பாட்டு டீச்சரின் புகார்க் கடிதமும், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அந்தத் தாளின் ஜெராக்ஸும்.

வால் ஜெராக்ஸை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தான். விளையாட்டு முகம் மறைந்து, ரிப்பேர்காரன் முகம் வந்தது.

“பாஸ், சாம்பல் கலர்ல மெல்லிசா கோடு தெரியுது பாருங்க. மெஷின் தப்பு இல்ல. ஒரிஜினல்ல இருக்கற மடிப்பு. குறுக்க மூணு, நெடுக்க ஒண்ணு. எட்டு கட்டம்.”

“அதனால?”

“மொட்டைக் கடிதாசி போடறவன் கவருக்குள்ள போகற மாதிரி மூணா மடிப்பான். எட்டா மடிச்சா சட்டைப் பைக்கு. மடிப்பு ஜெராக்ஸ்லயே இவ்வளவு தெளிவா விழணும்னா பத்து தடவையாவது பிரிச்சுப் பிரிச்சு மடிச்சிருக்கணும். இது தபால்ல போகல. ஒருத்தன் பல நாள் நெஞ்சுல வெச்சு சுமந்துட்டு, கடைசியில நேராப் போய்க் குடுத்திருக்கான்.”

சல்லடை அவனைப் பாராட்டவில்லை. பாராட்டினால் மத்தியானம் வரை தாங்காது. பேராசிரியை பக்கம் திரும்பினாள்.

“கமிட்டி இதுவரைக்கும் எதைச் சோதிச்சாங்க?”

“என் கம்ப்யூட்டர், நெட்வொர்க், சர்வர். யாரும் உள்ள நுழைஞ்ச தடயம் இல்ல. அதனாலதான் நான்னு சொல்றாங்க.”

“நீங்க எதைச் சோதிச்சீங்க?”

“அதையேதான். ரெண்டு தடவை.”

“அலமாரியைத் திறந்து பட்டியலைப் பாத்தீங்களா?”

“சீல் வெச்சப்புறம் நானே திறக்கறது விதிமீறல். ஆய்வு முடிஞ்ச நாள்லேருந்து திறக்கல. அதுல யார் யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியக்கூடாது. அதான் முறை.”

சல்லடை வால் கையிலிருந்த ஜெராக்ஸில் வட்டம் போட்ட பத்தொன்பதைப் பார்த்தாள். அப்புறம் ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

“எண்ணெல்லாம் எப்படிக் குடுத்தீங்க?”

பேராசிரியை அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். பதினைந்து வருஷத்தில் அந்த அறையில் கேட்கப்பட்ட மிகச் சின்னக் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

“வந்த வரிசையில,” என்றார்.

வால் கையிலிருந்த ஜெராக்ஸை மேஜையில் வைத்தான்.

“தேதியைக் கலைச்சுப் போட்டேன். வயசை எடுத்தேன். எந்த போன், எந்தக் கம்பெனி எல்லாத்தையும் அழிச்சேன். எண்ணை மட்டும் தொடல. எண்ணுக்குள்ள என்ன இருக்கப் போகுதுன்னு விட்டுட்டேன்.” மாணவர்கள் தப்பு செய்தால் திருத்துகிற அதே குரல். “வரிசை இருந்துச்சு.”

“வந்தவங்க எங்கயாவது கையெழுத்துப் போட்டாங்களா?”

“இங்க சம்மதப் படிவத்துல. அதுவும் அலமாரியிலதான் இருக்கு.” நிறுத்தினார். “கேட்ல ஒரு நோட்டு இருக்கும்.”

கேட்டில் நோட்டு இருந்தது. நூலில் கட்டிய பேனாவும் இருந்தது. பேனாவைத் திருடிவிடுவார்கள் என்ற பயத்தில் மூன்று முடிச்சுப் போட்டிருந்தார்கள். நோட்டு தன் பாட்டுக்குத் திறந்து கிடந்தது. பெயர், விலாசம், போன் நம்பர், வண்டி, வந்த நேரம், கையெழுத்து. ஆறாவது மாடி ஆய்வகத்தில் பூட்டுப் போட்டுக் காப்பாற்றுகிற, ஆப் கம்பெனிகள் தலைகீழாக நின்று திருட முயற்சி செய்கிற அத்தனையும், இங்கே காற்றில் தானாகவே பக்கம் பக்கமாகப் புரண்டுகொண்டிருந்தது.

காவலாளி அறுபதைத் தாண்டியவர். நாற்காலி உயரம் போதாமல் பழைய நோட்டுகளை அடுக்கி அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

“போன வருஷ நோட்டு ஒண்ணு பாக்கணுமே,” என்றாள் சல்லடை.

“எதுக்கும்மா?”

“சும்மாதான்.”

“சும்மான்னா பாருங்க.” எழுந்தார். “காரணம் சொன்னீங்கன்னா மேல ஆபீஸ்ல கேக்கணும். அவங்க லெட்டர் கேப்பாங்க. சும்மா பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.”

வால் அவள் காதருகே குனிந்தான். “பாஸ், ஆள் இவர்தான். சாட்சியத்து மேலயே உக்காந்திருக்கார். கைது பண்ணிட்டுச் சாப்பிடப் போலாம்.”

“ஐயா, இந்தப் பேரெல்லாம் நீங்க எழுதறதா?” என்று கேட்டாள் சல்லடை.

“எனக்குக் கிட்டப் பார்வை போய் நாலு வருஷம் ஆச்சும்மா. அவங்கவங்களே எழுதிக்குவாங்க. எழுதறாங்களான்னு மட்டும் நான் பாப்பேன். என்ன எழுதறாங்கன்னு எனக்கெதுக்கு?”

“இதுக்கு முன்னாடி யாராவது இந்த நோட்டைக் கேட்டு வந்தாங்களா?”

“பதினோரு வருஷத்துல நீங்கதான் மொத ஆள்.” அவர் குரலில் கொஞ்சம் மகிழ்ச்சி இருந்தது. “நல்லாப் பாருங்க.”

வாலின் ஊகம் அங்கேயே உயிரை விட்டது. நோட்டை யாருமே பார்க்கவில்லை என்றால், வரிசை தெரிந்தவன் யார்?

ஆய்வுக்கு ஆள் சேர்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கட்டடம் மூடியிருந்த நாள். அந்தப் பக்கத்தில் வேறு ஆள் யாரும் இல்லை. சல்லடை ஆள்காட்டி விரலால் எண்ணிக்கொண்டே இறங்கினாள். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. பாட்டு டீச்சரின் பெயர். அழகான, சாய்வான எழுத்து. விலாசம், போன் நம்பர், ஸ்கூட்டர் நம்பர்.

விரல் இன்னும் ஒரு வரி இறங்கியது. ஒரு ஆணின் பெயர். எழுத்து கட்டைக் குச்சியால் கீறியது மாதிரி இருந்தது. போன் நம்பர் மட்டும் வேறு. விலாசம் என்ற இடத்தில், ‘மேற்படி’. வண்டி என்ற இடத்தில், ‘மேற்படி’.

“வால்.”

“பாத்துட்டேன் பாஸ்.” அவன் குரல் இறங்கியிருந்தது. “வரிசையில பின்னாடி நின்னவனுக்கு நோட்டு எதுக்கு? முன்னாடி நின்ன முதுகு யாருதுன்னு தெரியாதா?”

“அட்டவணையில இருபதை வாசி.”

பேராசிரியை கொடுத்த கட்டுரையை வால் பிரித்தான். “இருபது. மொத்தமே நாலு ஆப். அலாரம். ரேடியோ. மட்டமா இருக்கான்னு ரசமட்டம் பாக்கற ஆப், ஒரு நாளைக்கு அறுபது தடவை, காலை எட்டுலேருந்து சாயந்திரம் அஞ்சு வரைக்கும். தரை போடறவன், இல்ல சுவர் கட்டறவன். நாலாவது…” நிறுத்தினான்.

“என்ன?”

“‘மணவாழ்க்கையை மீட்க எளிய வழிகள்.’ தினம் ஒரு தடவை. மத்தியானம் ஒரு மணிக்கு.”

காவலாளி வெயிலைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். வால் வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஒன்பது ஜோக் சொல்வான். இன்று கட்டுரையை மட்டும் மடித்தான்.

அவர்கள் போன் பிஸ்கட் டப்பாவில் இருந்தது. காவலாளியின் போனை வாங்கி வால்தான் பேசினான். “அண்ணே, பாத்ரூமுக்கு டைல்ஸ் போடணும்… ஆமாண்ணே, வழுக்காத டைல்ஸ்… மாமியாருக்குத்தான்… இப்ப எங்க வேலை பாக்கறீங்க? வந்து ஒரு தடவை உங்க கைவேலையைப் பாத்துக்கறேனே.”

வாலுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பாதி கட்டிய வீட்டின் மூன்றாவது மாடி. ஜன்னல் சட்டத்துக்குக் கண்ணாடி வரவில்லை. குளியலறையில் ஒருவர் முழங்காலில் மண்டியிட்டு டைல்ஸை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. காதில் பட்டைப் பென்சில். புது டைல்ஸ் மேல் போனைப் படுக்க வைத்து, திரையில் தெரிந்த குமிழி நடுவுக்கு வரும் வரை தட்டினார். வந்ததும் அடுத்தது.

“நீங்கதான் போன்ல பேசினவரா? மாமியாருக்கு என்ன கலர்?”

“அவங்களுக்குக் கலர் முக்கியம் இல்லண்ணே,” என்றான் வால். பிறகு சல்லடைக்கு வழிவிட்டு ஒதுங்கினான்.

சல்லடை அந்த ஜெராக்ஸைப் பிரித்து டைல்ஸ் மேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. பிடித்தபடியே இருந்தார்.

“கமிட்டியிலேருந்து வரீங்களா?”

“பேராசிரியைக்காக வந்திருக்கேன்.”

“உக்காருங்கன்னு சொல்லணும். இங்க இடம் இல்ல.” சிமெண்ட் மூட்டையைக் கையால் தட்டினார். அவள் உட்காரவில்லை.

“இருபதாம் எண் நீங்கதானே?”

“ஆமா. அன்னிக்கு நாங்களே விலாசம் எழுதிக் குடுத்த கவர்ல ஆளுக்கு ஒரு காப்பி அனுப்பினாங்க, அந்த மேடம். எளிமையா எழுதி. அன்னிக்குச் சொன்ன எண்ணுல உங்க வரியைப் பாத்துக்குங்கன்னு. வேற யாரு இதெல்லாம் பண்றாங்க? படிச்சவங்க நம்மகிட்ட வாங்கிட்டுப் போவாங்க, அவ்வளவுதான். இவங்க திருப்பிக் குடுத்தாங்க.” போன் திரை அணைந்தது. “என் வரியைப் படிச்சேன். ரசமட்டம் எங்கேயோ விளம்பரக் கம்பெனிக்குச் சேதி அனுப்புதாம். அனுப்பட்டும். அப்புறம் மேல் வரியைப் படிச்சேன்.”

“உங்க மனைவி முன்னாடி நின்னாங்க.”

“அன்னிக்கு வரிசையில நாங்க பேசிக்கல. பேசற வழக்கம் போய் ரொம்ப நாளாச்சு.” அவர் டைல்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினார். “மூணு வருஷமா நான் ஏதாவது சொன்னா பதில் வராது. பின்னாலேருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டா. படுத்துக்கிட்டுப் பேசினா அந்தப் பக்கம் திரும்பிக்குவா. என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன். எத்தனையோ யோசிச்சேன். நான் என்ன தப்புப் பண்ணேன்னு அந்த போன் வாத்தியார்கிட்ட எல்லாம் கேட்டேன். மனைவி மௌனமா இருந்தா பூ வாங்கிட்டுப் போங்கன்னு போட்டிருந்தான். வாங்கிட்டுப் போனேன்.”

வால் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான்.

“கேக்கல. அவ்வளவுதான். அவளுக்குக் கேக்கல. மூணு வருஷம்.”

“தெரிஞ்சதும் அவங்ககிட்ட கேட்டிருக்கலாமே?”

“மறைச்சு வெச்சிருக்கா. அதை நான் எப்படிப் போய் உடைக்கறது? ஒரு மாசம் அந்தப் பேப்பரைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அவளுக்கு நாற்பத்தஞ்சு பிள்ளைங்க இருக்கற வகுப்பு. எந்தப் பிள்ளை ஸ்ருதி விட்டுச்சுன்னு கண்டுபிடிக்கத் திணறி, வீட்டுக்கு வந்து தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவா. அதான் மேனேஜர்கிட்ட போனேன். சின்ன வகுப்பா குடுங்க சார், பத்துப் பிள்ளைங்கன்னா சமாளிச்சுக்குவா, அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்கன்னு. நான் சொன்னா நம்புவாரோ மாட்டாரோன்னு இதைக் காட்டினேன். பெரிய காலேஜ் பேப்பராச்சே.”

“அவர் என்ன சொன்னார்?”

“நல்லவேளை சொன்னீங்கன்னார். கை குடுத்தார். காபி வாங்கிக் குடுத்தார். வாசல் வரைக்கும் வந்தார்.” ரப்பர் சுத்தியலால் டைல்ஸை ஒரு தடவை தட்டினார். தட்ட வேண்டிய அவசியம் இல்லாத டைல்ஸ். “மறுநாள் ஆர்டர் வந்துச்சு.”

சல்லடைக்குக் கோபம் வரவில்லை. இரக்கமும் வரவில்லை. இருபது வருஷம் பொய் விபத்துகளைச் சலித்த கைக்கு உண்மையான விபத்து ஒன்று அகப்பட்டால் அதை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியவில்லை.

“அந்தப் புகார் லெட்டர்,” என்றாள். “அதுலயும், இந்தத் தாள்ல எழுதின பேர்லயும் எழுத்து ஒண்ணுதான். இப்பத்தான் கவனிச்சேன்.”

“அவ சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். என்னால எழுத முடியலைன்னா. பேராசிரியை என் வாழ்க்கையைக் கெடுத்துட்டாங்கன்னு எழுதச் சொன்னா. எழுதினேன்.” முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “மூணு மணிக்கு அவளைக் கூட்டிட்டு அங்க வரணும். இப்ப அந்தக் கருவியையும் கழட்டி வெச்சுட்டா. இனி கேட்டு என்ன ஆகணும்ங்கறா. அங்க பேசறதையெல்லாம் நான்தான் எடுத்துச் சொல்லணும். நீங்க அவகிட்ட சொல்லிடுவீங்களா?”

“நான் சொல்ல வேண்டிய ஆள் பேராசிரியை மட்டும்தான்.”

“அவங்க கமிட்டியில சொல்லிடுவாங்களே.”

“சொல்வாங்க. சொன்னா அவங்க வேலை தப்பிக்கும்.”

அவர் தலையாட்டினார். அதில் ஒரு நியாயம் இருப்பது அவருக்கும் தெரிந்தது. குனிந்து போனை எழுப்பினார். குமிழி நடுவில்தான் இருந்தது.

இரண்டு நாற்பதுக்குப் பேராசிரியை பிஸ்கட் டப்பாவைத் திறந்து போன்களைத் திருப்பிக் கொடுத்தார்.

“கண்டுபிடிச்சுட்டோம்,” என்றாள் சல்லடை. “பட்டியல் வெளிய போகல. உங்க அலமாரியில தப்பில்ல. காட்டிக் குடுத்தது ஆய்வுக்கு வந்த இன்னொருத்தர். அவர் பேர்…”

“பேர் வேண்டாம்.” கையை உயர்த்தினார். “எண் சொல்லுங்க.”

“இருபது.”

பேராசிரியை அட்டவணையை எடுத்து இருபதாம் வரியைப் படித்தார். ரசமட்டத்தைப் படித்தார். கடைசி ஆப்பைப் படித்தார். மறுபடி பத்தொன்பதைப் படித்தார். சல்லடை மீதியைச் சொன்னாள், பெயர் இல்லாமல். ‘மேற்படி’, எட்டு மடிப்பு, மேனேஜர், சின்ன வகுப்பு, காபி. சொல்லி முடிக்க நாலு நிமிஷம் ஆனது.

“வரிசையை நீங்க மாத்தாதது ஒரு தப்பு,” என்றாள். “ஆனா அதுக்கு யாரும் வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்க. ஆளைச் சொல்லுங்க. ஸ்கூல் மேனேஜரும் ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும். நீங்க தப்பிச்சீங்க.”

“அவர் எங்கிட்ட ஒரு படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கார்.”

“யாரு?”

“இருபது. அதுல கீழ நானும் போட்டிருக்கேன். உங்களைப் பத்தின எந்த விவரமும் யாருக்கும் போகாதுன்னு. கமிட்டி, கோர்ட்டு, குடும்பம் யாருக்கும். ‘குடும்பம்’கற வார்த்தையைச் சேர்த்தது நான்தான். மத்த படிவங்கள்ல இருக்காது.”

வாலால் தாங்க முடியவில்லை. “மேடம், அந்த ஆளே ரகசியத்தைத் தூக்கிட்டுப் போய் மேனேஜர் மேஜையில வெச்சாச்சு. நீங்க மட்டும் இன்னும் பூட்டைத் தொங்க விட்டுட்டு உக்காந்திருக்கீங்க. கதவையே காணோம் மேடம்!”

“அவர் குடுத்தது பத்தொன்பதோடது. இருபதோடது இன்னும் வெளிய போகல.” எழுந்து சேலைத் தலைப்பைச் சரி செய்தார். “நான் சொன்னா அந்தம்மாவுக்கு இன்னிக்கு வேலையோட வீடும் போகும்.”

“உங்க நாலு மாணவர்கள்?” என்றாள் சல்லடை.

“அவங்க கெட்டிக்காரங்க.”

“உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?”

பேராசிரியை யோசித்துப் பார்த்தார். தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல் திரும்பி வந்தவர் மாதிரி இருந்தது முகம். “இல்ல. பத்து நாளா இல்ல. உங்க ரிப்போர்ட்ல ஆள் தெரியலைன்னு எழுதிக்குங்க.”

துப்பறியும் தொழிலில் முழுசாக வெற்றி பெற்ற கேஸுக்குத் தோல்வி ரிப்போர்ட் எழுதுவது சல்லடைக்கு அதுதான் முதல் தடவை.

கமிட்டி அறைக்கு வெளியே நீளமான நடை. சுவரோரமாக ஒரே ஒரு பெஞ்சு. அதில் பாட்டு டீச்சர் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர், சலவைச் சட்டை, நகக்கண்ணில் இன்னும் சிமெண்ட். சல்லடையைப் பார்த்ததும் பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டார். தரை டைல்ஸ் ஒன்று லேசாகத் தூக்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு முழுசாகச் சாத்தவில்லை. உள்ளே கமிட்டித் தலைவரின் குரல் மேடைக் குரலாக வந்தது. தகவல் யுகம், அறத்தின் அரண், நிறுவனத்தின் மாண்பு. மாண்பு என்ற சொல் மட்டும் நாலு தடவை வந்தது. ஒரு உறுப்பினரின் போன் நடுவில் இரண்டு தடவை கூவியது. ஏதோ ஒரு விளையாட்டு அவரைத் திரும்பக் கூப்பிட்டது.

“எண்களை வந்த வரிசையிலேயே போட்டுட்டேன்,” என்று பேராசிரியையின் குரல் கேட்டது. “அதுலேருந்து ஆளைக் கண்டுபிடிக்க முடியும். தப்பு என்னோடது.”

“எண்ணா?” என்றார் தலைவர். “நாங்கள் கேட்பது ஊடுருவல் பற்றி.”

“ஊடுருவல் இல்ல.”

“அப்படியென்றால் யார் அந்தத் தகவலைப் பள்ளிக்குக் கொண்டு சென்றது?”

பெஞ்சில் கணவர் தூக்கியிருந்த டைல்ஸைச் செருப்பால் அழுத்தினார். அவர் மனைவி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாது.”

உள்ளே பேனாக்கள் எழுதின. தீர்மானம் ஏற்கெனவே டைப் செய்யப்பட்டிருந்தது. தேதி மட்டும் போட வேண்டியிருந்தது. மொத்தம் பதினோரு நிமிஷம்.

பேராசிரியை வெளியே வந்தார். கையில் ஒற்றைத் தாள். பெஞ்சுக்கு முன்னால் நின்றார். பாட்டு டீச்சர் எழுந்தார்.

“யார் சொன்னது?” குரல் தேவைக்கு மேல் உயரமாக இருந்தது. தன் குரலின் அளவு தெரியாதவர்களின் குரல். “என்னைப் பத்தி யார் சொன்னது? அது மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு.”

“நான்தான்,” என்றார் பேராசிரியை.

டீச்சர் கணவர் பக்கம் திரும்பினார். “என்ன சொல்றாங்க?”

அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

“கேக்கல.”

“அவங்கதானாம்.”

“சத்தமா சொல்லுங்க.”

“அவங்கதான்!” நடை முழுக்க எதிரொலித்தது. கமிட்டி அறைக்குள் நாற்காலிகள் நகர்ந்தன. “அவங்கதான் சொன்னாங்களாம்!”

டீச்சர் பேராசிரியையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் இல்லை. “ஏன்?” என்றார்.

“கவனக்குறைவு,” என்றார் பேராசிரியை.

டீச்சர் மறுபடியும் கணவர் பக்கம் திரும்பி, தலைமுடியை ஒதுக்கி, காதை அவர் வாயருகே கொண்டுபோனார்.

அதையும் அவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.